மேலே நாமக்கல் மழை, கீழே திருச்சி வெள்ளம்

கொல்லிமலை உச்சியில் பெய்யும் மழை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குத் தெரியாது. இங்கே வெயில் சுள்ளென்று அடிக்க, பாறைகளுக்கு நடுவே பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று தண்ணீர் பழுப்பேறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மலைமேல் இருக்கும் ஆகாயகங்கை அருவி வழியாக இறங்கிய வெள்ளம் வந்துவிட்டது என்று அர்த்தம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளம்தான் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றது.

மழை பெய்வது நாமக்கல் மாவட்டத்தில். வெள்ளம் வருவது திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில். இரண்டு நிர்வாகங்களுக்கும் ஃபேஸ்புக், எக்ஸ் பக்கங்கள் உண்டு. எச்சரிக்கையும் அவற்றில் வரும். ஆனால் சேலத்திலிருந்து வந்து குளிப்பவர் எந்தப் பக்கத்தைப் பின்தொடர்கிறார்?

சமூக ஊடகத்துக்கு ஒரு பலம் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்றால் படம் எடுத்து மாநகராட்சியின் பக்கத்தில் போடலாம். ஊரே பார்க்கும் என்பதால் பதிலும் வரும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போயின. உதவி எண்கள் இணையத்தில் இருந்தன. தண்ணீரில் நின்றவரின் கைப்பேசிதான் செத்துக் கிடந்தது. இன்னொரு சிக்கல், பதிவு எப்போது யார் கண்ணில் படும் என்பதை அந்தச் சமூக ஊடக நிறுவனத்தின் கணக்கீடுதான் முடிவு செய்கிறது. நேற்றைய எச்சரிக்கை இன்று மேலே வந்து நிற்பதும் உண்டு.

சமூக ஊடகத்துக்கு மாற்றாக இருப்பது செல் பிராட்காஸ்ட். 2023-இல் நம் கைப்பேசிகள் ஒருநாள் ஒரேயடியாக அலறி, 'இது சோதனைச் செய்தி' என்று காட்டினவே, அதுதான். குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். கூட்டம் சேர்ந்தால் நெரிசலில் மாட்டிக்கொள்ளும். செல் பிராட்காஸ்ட் வானொலி மாதிரி. கோபுரம் ஒருமுறை ஒலிபரப்பினால் அதன் எல்லைக்குள் இந்த வசதியோடு இருக்கும் அத்தனை கைப்பேசிகளிலும் ஒரே நேரத்தில் விழும். எண் தேவையில்லை, பின்தொடர வேண்டியதில்லை, இணையமும் வேண்டாம். யார் என்று கேட்காமல் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கிறது. ஆற்றங்கரைக்குத் தேவை அதுதான். மாவட்ட எல்லையும் இதற்குப் பொருட்டில்லை. மழை நாமக்கல்லில் என்றாலும் புளியஞ்சோலைக் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மலை மறைக்கும் இடத்தில் சிக்னல் மெலியும். அதைவிட, குளிக்க இறங்குபவர் கைப்பேசியை என்ன செய்வார்? பிளாஸ்டிக் பையில் சுற்றி, துணி மூட்டைக்குள் திணித்து, பாறைமேல் வைத்துவிட்டு இறங்குவார். அருவிச் சத்தத்தில் அந்த அலறல் எங்கே கேட்கும்?

கைப்பேசி கேட்காத இடத்தில் ஆள் குரல்தான் வழி. ஊர் ஊராகப் பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கத்தை 2022 ஆகஸ்டில் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது. ஒரு சமூகத்தார் தலையில் கட்டப்பட்டிருந்த வேலை அது, நிறுத்தியது சரிதான். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றார்கள். புளியஞ்சோலைக்கு அந்தக் குரல் இன்றும் வேண்டும். உச்சியில் மழை வலுத்ததும் கோபுரம் அலறட்டும். அதே நிமிடம் கரையில் ஒருவர் விசிலோடு நிற்கட்டும். அவர் கையிலிருக்கும் கைப்பேசி மட்டும் நனையாமல் இருந்தால் போதும்.