ஹலால் என்றால் மட்டும் போதுமா?

 

மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் செல்லும் ஏ9 வீதியில் மஃரிபுக்குப் பின் போய்ப் பாருங்கள். கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் கடைக்குக் கடை கேட்கும். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளின் கையில் ரோல்ஸ், பெட்டிஸ், ஒரு போத்தல் குளிர்பானம். 'ஹலால்தானே ஹஸரத், இதில் என்ன தவறு?' என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராமாக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆனால் அல்குர்ஆன் (2:168) உணவைப் பற்றிப் பேசும்போது 'ஹலால்' என்பதோடு நிறுத்தவில்லை. 'தய்யிப்' என்றும் சேர்த்துச் சொல்கிறது. தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள்.

2013ஆம் ஆண்டில் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பொது பல சேனா பிரசாரம் செய்தபோது நம் சமூகமே கலங்கிப் போனது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்கும் பணியிலிருந்து விலகியது. 2014 முதல் தனி நிறுவனம் ஒன்று அதைச் செய்து வருகிறது. அந்த இலச்சினைக்காக அவ்வளவு கவலைப்பட்ட நாம், 'தய்யிப்' என்ற மறுபாதிக்காக எப்போதாவது கவலைப்பட்டோமா?

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 2016இல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு நிற அடையாளம் கொண்டுவரப்பட்டது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டி! பிள்ளையின் தேநீரில் ஒன்பது கரண்டி சீனி போட எந்த உம்மாவின் கை துணியும்? போத்தலில் வந்தால் மட்டும் நாம் கண்டுகொள்வதில்லை.

அளவையும் பாருங்கள். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். கொத்துப் பார்சலோ ஒருவர் உண்ண முடியாத அளவில் வருகிறது. முழுவதும் தின்றால் உடம்புக்குக் கேடு. எறிந்தால் வீண்விரயம்.

சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட சமூகம் நாம். பக்கத்தில் இருப்பவருக்கு இறைச்சித் துண்டைத் தள்ளிவிடப் பிள்ளைகள் அங்கேதான் பழகினார்கள். ஆளுக்கொரு பார்சலைப் பிரித்து, ஆளுக்கொரு மூலையில் அமரும் வீட்டில் அந்தப் பழக்கம் எங்கே வளரும்?

வீட்டில் ரோல்ஸ் செய்து கடைக்குக் கொடுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் உழைப்பு கண்ணியமானது. ஆனால் கறுத்துப்போன எண்ணெயில் மீண்டும் பொரிப்பதும், நேற்றைய மிச்சத்தை இன்றைய மாவுக்குள் மறைப்பதும் மோசடி. தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதைப் பிறர் பிள்ளைக்கு விற்காதீர்கள்.

கடைப் பார்சல் வருவதற்குப் பல வீடுகளில் காரணம் உம்மாவின் களைப்புத்தான். அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் தேங்காய் துருவவும், கோப்பை கழுவவும் முன்வரட்டும். நபி (ஸல்) அவர்களும் வீட்டு வேலைகளில் உதவியவர்கள்தாம். அவித்த பயறு, தேங்காய்ப் பூவோடு ஈரப்பலா, ரொட்டியும் சம்பலும் எல்லாம் விரைவில் ஆகும் உணவுகளே.

கடையில் உண்பதை எப்போதாவது ஒருநாள் மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் குடும்பமாக அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, பகிர்ந்து உண்ணுங்கள். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றி நாளை நாம் கேட்கப்படுவோம்.

ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்டு அவனுக்கு நன்றி செலுத்தும் குடும்பங்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.