ஒன்பது கட்டங்களுக்குள் காலம்

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ 1986, 87-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்த கிராஃபிக் நாவல். முகமூடி வீரர்கள் நிஜமாகவே இருந்திருந்தால் அமெரிக்கா என்ன ஆகியிருக்கும் என்பது கதை. வியட்நாமில் அமெரிக்கா ஜெயித்துவிட்டது. 1985-லும் நிக்ஸன்தான் ஜனாதிபதி. அணுப்போர் வாசலில் நிற்கிறது. கதைச் சுருக்கம் இவ்வளவு போதும். என்னைக் கட்டிப்போட்டது பக்கங்கள் வேலை செய்யும் விதம்.

திறந்தால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்கள். பெரும்பாலான பக்கங்கள் இந்தச் சட்டத்துக்கு அடங்கியவை. வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்வார் கிப்பன்ஸ். முதலில் வறட்சியாகத் தெரியும். ஆனால் தாளம் பிசகாமல் விழுந்துகொண்டிருந்தால்தானே ஓர் அடி தள்ளி விழுவது காதில் படும்! சமமான கட்டங்களுக்கு நடுவே ஒன்று அகலும்போது கண் தானாக நின்றுவிடுகிறது.

கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளைக் கோட்டில் எதுவும் வரையப்பட்டிருக்காது. ஆனால் கதை நடப்பதே அங்கேதான். ஸ்காட் மெக்லவுட் 1993-இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் இதை ஒரு கோடரியை வைத்து விளக்குகிறார். ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடரி, அடுத்ததில் நகரத்துக்கு மேலே ஓர் அலறல். வெட்டியது யார்? வாசகர்தான்.

‘வாட்ச்மென்’ நான்காம் அத்தியாயம் இந்த இடைவெளியை வைத்தே விளையாடுகிறது. விபத்தொன்றில் சிதறி, மீண்டு வந்த டாக்டர் மன்ஹாட்டனுக்கு நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். செவ்வாய்க் கிரகத்தில் கையில் ஒரு பழைய புகைப்படத்தோடு இருக்கிறார். ஒரு கட்டத்தில் படம் கையில் இருக்கிறது. அடுத்ததில் மணலில் கிடக்கிறது. அதற்கடுத்து மறுபடியும் கையில். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும் வாசகருக்கு, அவர் காலத்தைப் பார்க்கும் விதம் விளக்கமில்லாமலே பிடிபட்டுவிடும். திரைப்படத்தில் இது கஷ்டம். பிம்பம் நிற்காமல் போய்விடும்.

ஐந்தாம் அத்தியாயம் இன்னும் விபரீதம். முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக வரும். இரண்டாவது, கடைசிக்கு முந்தையதில். இப்படியே உள்நோக்கி வந்து, நட்டநடுவில் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு கொலை முயற்சி. சொல்லாவிட்டால் பலர் கவனிக்கவே மாட்டார்கள்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு, ஒரே மூச்சில் முடித்து நண்பனிடம் கைமாற்றிவிடும் பழக்கம் உண்டு. அந்த வேகம் இங்கே உதவாது. நான் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்தான் படிப்பேன். முதலில் வசனத்தோடு, பிறகு வசனத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும். முதல் பக்கத்தில் பதாகையோடு நடந்துபோகும் ஆளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவன் யாரென்று தெரிந்தபின் திரும்பி வந்து பார்த்தால் தூக்கிவாரிப்போடும். வண்ணக் கலைஞர் ஜான் ஹிக்கின்ஸ் வழக்கமான சிவப்பு, நீலத்தைக் குறைத்து ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று தீட்டியிருப்பதும் இரண்டாம் சுற்றில்தான் உறைக்கும்.

கைபேசியில் கட்டம் கட்டமாக நகர்த்திப் படிக்கும் வசதி இருக்கிறது. இந்தத் தொடருக்கு அது வேண்டாம். பக்கம் முழுதாகக் கண்ணில் படாவிட்டால் ஐந்தாம் அத்தியாயமே வீண். கதைக்குள் கதையாக வரும் கடற்கொள்ளையர் காமிக்ஸ் எனக்குக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் முதல் பதினோரு அத்தியாயங்களின் பின்னால் வரும் உரைநடைப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். பாதி ஆட்களின் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது.