குரூப் ரைடில் ‘ஈஸி பேஸ்’ யாருடைய பேஸ்? நீண்ட தூர சைக்கிள் பயணத்தில் மூச்சு வாங்காமல் ஃபிட் ஆவது எப்படி?

சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வரும்: “நாளை காலை 5.30. புனே டு பஞ்ச்கனி. ஈஸி பேஸ்.” அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. ஈஸி என்பது மெசேஜ் போட்டவருக்கு ஈஸி.

ஹிஞ்சவாடியிலோ கராடியிலோ வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் நீண்ட தூரம் ஓட்ட நேரம் கிடைக்கிறது என்றால், அந்த ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பது முக்கியம். முதல் ஒரு மணி நேரம் கூட்டத்தோடு பறந்துவிட்டு, மூன்றாவது மணி நேரத்தில் கால் செத்துப்போய், டெம்போவில் சைக்கிளை ஏற்றி வீடு திரும்புகிறவர்கள் உண்டு. இப்படி இரண்டு மூன்று ஞாயிறு போனால், சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடத்தான் உதவும்.

காற்றுக்கு நீங்கள் கட்டும் வரி

சமதளத்தில் உங்கள் சக்தியைத் தின்பது பெரும்பாலும் காற்று. அதை எதிர்க்கத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடியாக ஏறும். மணிக்கு 24 கி.மீ.யில் போகிறவர் 30 கி.மீ.க்கு மாறினால், வேகம் கூடுவது 25 சதவீதம். காற்றுக்காகச் செலவாகும் சக்தியோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதனால் 10 கி.மீ. தூரத்தில் மிச்சமாவது வெறும் 5 நிமிடம்.

குரூப்பில் போவதன் லாபமும் இங்கேதான் இருக்கிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால், சுமார் கால் பங்கு சக்தி மிச்சமாகும். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல். பின்னால் இருக்கும்வரை ‘நமக்கு நல்லா வருதே’ என்று தோன்றும். உங்கள் முறை வந்து முன்னால் போனதும், மிச்சம் பிடித்ததை வட்டியோடு கட்ட வேண்டிவரும். அதிலும் முன்னால் வருகிற ஒவ்வொருவரும் கௌரவத்துக்காக 1 கி.மீ. வேகத்தைக் கூட்டுவது எல்லா குரூப்பிலும் நடக்கிற கூத்து.

நீங்கள் முன்னால் போகும்போது மீட்டரைப் பாருங்க. குரூப் எந்த வேகத்தில் வந்ததோ, அதே வேகம் போதும். ஒன்றிரண்டு நிமிடம் இழுத்துவிட்டு, பின்னால் பார்த்து, சைகை காட்டி விலகிக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் முறையை விட்டுக்கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிராஃப்டிங் புதுசு என்றால் முன் சக்கரத்துக்கு ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். லாரிக்குப் பின்னால் ஒட்டிப்போகிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஏற்றத்தில் கணக்கு வேறு

பஞ்ச்கனி ரூட்டில் பழைய கத்ரஜ், கம்பாட்கி, பசர்னி என்று மூன்று ஏற்றங்கள். மூன்றாவது வருவது 80 கி.மீ.க்கு மேல் மிதித்த பிறகு. கத்ரஜிலேயே வீரம் காட்டுகிறவர்கள் பசர்னியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள்.

மலையில் எதிரி காற்று அல்ல, எடை. அதனால் அடுத்தவர் பின்னால் ஒட்டிக்கொள்வதில் பெரிய லாபம் கிடையாது. சைக்கிளும் நீங்களும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டுமே சுமார் 130 வாட்ஸ் வேண்டும். 13 கி.மீ. வேகத்துக்கு சுமார் 170. பலருக்கு முதலாவது நிதானமாகத் தாங்கக்கூடியது, இரண்டாவது சீக்கிரமே மூச்சை நிறுத்திவிடும். 4 கி.மீ. ஏற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை நிமிடம். மேலே போனவர்கள் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். சின்ன கியருக்கு மாறி உங்கள் வேகத்தில் ஏறுங்கள்.

உங்கள் வேகம் எது என்று எப்படித் தெரியும்? பவர் மீட்டர் எல்லாம் தேவையில்லை. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் நாள் முழுக்கத் தாங்கும் வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். ‘220-லிருந்து வயதைக் கழி’ என்கிற இதயத்துடிப்புக் கணக்கு வெறும் சராசரி. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறலாம். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் பேஸ் பற்றி யோசிக்காதீர்கள். உடனே நிறுத்தி, மருத்துவ உதவிக்குப் போங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உடம்பில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான் தரும். கொழுப்பு அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. மெதுவாகப் போனால் உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கும், வேகம் கூடக்கூட கிளைகோஜனில் கைவைக்கும். அது தீர்ந்தால் எவ்வளவு மன உறுதி இருந்தாலும் கால் நகராது. அதனால் பசிக்கும்வரை காத்திருக்காமல், முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். அதோடு ஒரு துண்டு கடலைமிட்டாய், இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற சிக்கி.

நிறுத்தத்தில் தொலையும் நேரம்

இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடக்கும் பிஆர்எம் ரைடுகளில் 200 கி.மீ.க்கு 13.30 மணி நேரம் அவகாசம். புனேவிலும் இவை நடக்கின்றன. இது ரேஸ் அல்ல, யாருக்கும் முதலிடம் கிடையாது. சராசரி 15 கி.மீ.கூடத் தேவையில்லை. ஆனால் டீக்கடையில் நின்றாலும் கடிகாரம் ஓடும்.

ஐந்து நிறுத்தம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரம் காலி. அதையே பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்தால் 100 நிமிடம் மிச்சம். அந்த 100 நிமிடத்தை மிதித்தே சம்பாதிக்கணும் என்றால், 20 கி.மீ. சராசரியை 24 ஆக்க வேண்டும். காற்றுக்கு மட்டும் 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி. மிசல் பாவுக்கு ஒரு நீண்ட பிரேக் எடுங்க, தப்பில்லை. மற்றதெல்லாம் பாட்டில் நிரப்பிக் கிளம்புவதாக இருக்கட்டும்.

மெதுவாப் போனா ஃபிட்னஸ் எப்படி ஏறும்?

நியாயமான சந்தேகம். நீண்ட தூர விளையாட்டு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் எளிதான தீவிரத்தில் நடப்பதைக் கவனித்தார். மீதிதான் கடினமானது. நம் வார இறுதி ரைடுகள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. களைப்பு மட்டும் மிஞ்சும், அடுத்த ரைடுக்குக் கால் தயாராக இருக்காது. வேகம் வேண்டும் என்றால் வார நடுவில் ஒருநாள் தனியாக, குறைந்த நேரம், கடுமையாக ஓட்டலாம்.

முன்னேற்றத்தைப் பார்க்க சராசரி வேகத்தை விட நல்ல அளவுகோல் உண்டு. இதயத்துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால், ஓரளவு சமதளமான ஒரு ரூட்டில் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிடுங்கள். அதே வேகத்துக்கு இரண்டாம் பாதியில் துடிப்பு எத்தனை சதவீதம் கூடியது? 5 சதவீதத்துக்குள் என்றால் அந்தத் தூரம் உங்களுக்குப் பழகிவிட்டது, அடுத்து 10, 15 கி.மீ. கூட்டலாம். அதற்கு மேல் என்றால் இன்னும் சில வாரம் அதே தூரம். ஆனால் வெயில் நாளில் துடிப்பு தானாகவே ஏறும் என்பதால், ஏப்ரல் மாத எண்ணை டிசம்பர் மாத எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.