பிரதமரின் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்த வக்கீல்!

1975 ஜூன் 23, டெல்லி உச்ச நீதிமன்றம். பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து 11 நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்குத் தடை கேட்டு அவருக்காக வாதாடினார் மும்பை வக்கீல் நானி பால்கிவாலா. மறுநாள் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனைகளோடு தடை கொடுத்தார். அதற்கடுத்த நாள் இரவு நாட்டில் எமர்ஜென்சி வந்தது.

செய்தி தெரிந்ததும் பால்கிவாலா கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாட்டின் பிரதமரே கட்சிக்காரராக இருந்தும், ‘இனி உங்களுக்காக ஆஜராக மாட்டேன்’ என்று விலகிக்கொண்டார்.

யார் இந்த பால்கிவாலா?

1920-ல் மும்பையில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். முன்னோர்களுக்குப் பல்லக்கு செய்யும் தொழில். ‘பால்கிவாலா’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். சிறு வயதில் திக்குவாய் இருந்தது. விடாமல் பயிற்சி செய்து அதை வென்றார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்து, கல்லூரி ஆசிரியர் ஆக ஆசைப்பட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் சட்டம் படிக்கப் போனார்!

1944-ல் புகழ்பெற்ற வக்கீல் ஜாம்ஷெட்ஜி காங்காவிடம் ஜூனியராகச் சேர்ந்தார். ஆறே வருடங்களில் சீனியரோடு சேர்ந்து வருமான வரிச் சட்டம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஆடிட்டர்களும் வரி வக்கீல்களும் இன்றும் புரட்டும் புத்தகம் அது.

வரி வக்கீல் என்று பெயர் வாங்கியவர் அதோடு நிற்கவில்லை. 14 வங்கிகள் தேசியமயமானதை எதிர்த்த வழக்கு, மன்னர் மானிய ஒழிப்பை எதிர்த்த வழக்கு (இரண்டிலும் 1970-ல் அரசுக்குத் தோல்வி), பத்திரிகைகளின் பக்கங்களுக்குக் கட்டுப்பாடு போட்டதை எதிர்த்த வழக்கு, சிறுபான்மையினர் கல்லூரிகளின் உரிமை வழக்கு என எல்லாவற்றிலும் அவர் குரல் ஒலித்தது. விஷயங்கள் வேறு வேறு. ஆனால் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: ‘அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா, இல்லையா?’

அதற்கான பதில் கேசவானந்த பாரதி வழக்கில் கிடைத்தது. காசர்கோடு அருகே உள்ள எடநீர் மடத்தின் தலைவர், கேரள அரசின் நிலச் சட்டங்களை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. 13 நீதிபதிகள் 68 நாட்கள் விசாரித்தார்கள். கேரள அரசுக்காக எதிரே நின்ற எச்.எம்.சீர்வையும் அதே காங்காவிடம் தொழில் கற்றவர்தான். 1973 ஏப்ரல் 24-ல் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். ஆனால், அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது!

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த 1975 நவம்பரில், அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய மீண்டும் 13 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். தலைவர்கள் பலர் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அந்த நேரத்தில் அரசுக்கு எதிராக எழுந்து நின்றார், ஐந்து மாதங்களுக்கு முன்பு பிரதமருக்காக வாதாடிய அதே பால்கிவாலா. இரண்டு நாட்கள் வாதாடினார். மூன்றாம் நாள் தலைமை நீதிபதி ஏ.என்.ரே அந்த அமர்வையே கலைத்துவிட்டார். தீர்ப்பு தப்பியது.

கோர்ட்டுக்கு வெளியிலும் அவருக்கு ரசிகர்கள் அதிகம். ஒவ்வொரு வருடமும் மத்திய பட்ஜெட் வந்ததும், குறிப்புச் சீட்டு இல்லாமல் புள்ளிவிவரங்களை அடுக்கி அவர் பேசுவதைக் கேட்க மும்பை பிராபோர்ன் ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 1977 முதல் 1979 வரை அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராக இருந்தார். சென்னை சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனைக்குத் தாராளமாக நன்கொடை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

2002 டிசம்பர் 11-ல் அவர் மறைந்தார். இன்றும் அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்து யார் கோர்ட்டுக்குப் போனாலும், ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற வார்த்தையைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். திக்கித் திக்கிப் பேசிய ஒரு சிறுவன் வளர்ந்து வாதாடி வாங்கிக் கொடுத்த வார்த்தை அது.