படிக்கல்லாய்க் கிடந்த எழுத்து

மலேசியா சென்று வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் கோலாலம்பூரின் உயர்ந்த கட்டிடங்களைப் பார்த்து, இரண்டு பைகள் நிறையத் துணிமணி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கிழக்குக் கரையிலுள்ள திரெங்கானு மாநிலத்தின் பக்கம் போகிறவர்கள் குறைவு. இம்மாதம் உங்களை அங்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு கல்லைப் பாருங்கள். கோல திரெங்கானு நகரின் நூதனசாலையில் இருக்கிறது. உடைந்த தலை, நாற்புறமும் எழுத்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோல பெராங் பகுதியில் ஆற்று வெள்ளம் வடிந்தபோது இது வெளிப்பட்டது. ஊரார் அதை எடுத்துச் சென்று, சிறிய தொழுமிடம் ஒன்றின் வாசலில் படிக்கல்லாகப் போட்டுவிட்டார்கள். வுழூச் செய்து வந்தவர்கள் எத்தனை பேர் அதில் கால் வைத்து ஏறினார்களோ! 1902இல் அவ்வழியே வந்த செய்யது ஹுஸைன் என்ற வணிகர்தான் அதில் எழுத்து இருப்பதைக் கண்டு, சுல்தானிடம் சேர்ப்பித்தார்.

வாசித்துப் பார்த்தால் அரபு எழுத்து. ஆனால் மொழி மலாய். இதனை ஜாவி என்பர். கடன் கொடுக்கல் வாங்கல், விபச்சாரம் போன்றவற்றுக்கான மார்க்கச் சட்டங்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹிஜ்ரி 702, அதாவது கி.பி. 1303 என்பது பலரும் ஏற்ற காலம். வருடத்தைச் சொல்லும் இடத்தில் கல் உடைந்திருப்பதால், சற்றுப் பிந்தியது என்போரும் உளர். அல்லாஹ்வைக் குறிக்க ‘தேவாத்த முலியா ராயா’ என்ற வடமொழி கலந்த பெயரும் அதில் வருகிறது. மார்க்கம் புதிதாகப் பரவும் இடத்தில், மக்களுக்குப் பழகிய சொல்லைக் கொண்டே விளங்க வைத்திருக்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ இக்கல்லை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அரபு எழுத்தில் இல்லாத ‘ப’ ஓசைக்கு, ‘ஃபா’வின் மேல் மூன்று புள்ளி இட்டு ஜாவியில் ஓர் எழுத்தை உண்டாக்கினார்கள். தமிழோசைக்காக நம் முன்னோர் புள்ளிகளைக் கூட்டி அரபுத் தமிழ் எழுதியதும் இதே வழியில்தான். உங்கள் உம்மம்மாவின் பெட்டகத்திலும் அப்படியொரு கிதாபு இருக்கக்கூடும். அதை வாசிக்க வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நகரைச் சுற்றிப் பார்க்க இன்னும் பல உண்டு. கோல இபாயில் 1995இல் கட்டப்பட்ட வெண்ணிறப் பள்ளிவாசல் நீர்மேல் மிதப்பதுபோல் நிற்கும். தெங்கு தெங்கா ஸஹாரா என்ற பெண்மணியின் பெயரைத் தாங்கியது. பொன்னிழை சேர்த்து நெய்யும் சொங்கெட் துணியின் விலையைக் கேட்டால் திடுக்கிடுவீர்கள். பெண்கள் தறியில் அமர்ந்து நெய்வதைப் பார்த்தபின் விலை குறைவோ என்று தோன்றும். காலைச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் சேர்த்து அவித்த ‘நாசி டாகாங்’ சோறும் சூரைமீன் கறியும். வெந்தய மணம் நம் அடுப்படியை நினைவூட்டும். உள்நாட்டில் கென்யீர் ஏரி: 1985இல் முடிந்த அணைக்கட்டால் காடு மூழ்கி, குன்றுகளின் தலைகள் முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளாய் நிற்கின்றன.

இனி ரந்தாவ் அபாங் கடற்கரை. இங்கே சொல்ல வருத்தமான செய்தி ஒன்றுண்டு. முதுகில் ஓடில்லாமல் தோல் போர்த்திய பேராமைகள் இங்கு முட்டையிட வந்தன. முதுகின் வரம்புகளைப் பார்த்து மலாய் மக்கள் அதற்குக் காமரங்காப் பழத்தின் பெயரை இட்டார்கள். 1950களில் வருடத்துக்குப் பத்தாயிரமளவு கூடுகள். அதைப் பார்க்கவே உல்லாசப் பிரயாணிகள் இரவிரவாய் மணலில் காத்திருந்தார்கள். 2000க்குப் பிறகோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒன்றும் வராத வருடங்களும் உண்டு.

யாரும் அவற்றை அறுத்து உண்ணவில்லை. ஆமை இறைச்சியை அம்மக்கள் பேணுதலாகத் தவிர்த்தார்கள். முட்டையைத்தான் உண்டார்கள். அரசே முட்டை எடுக்க உரிமம் வழங்கியது, சந்தையில் முட்டை தாராளமாய் விற்கப்பட்டது. கடலில் மீன்பிடி வலைகளிலும் ஆமைகள் சிக்கி மாண்டன. பின்னர் முட்டைகளைக் காத்துப் பொரிக்க வைத்தபோது மணலின் சூடு மிகுந்து, பொரித்தவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளாகவே அமைந்தன. எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் திரெங்கானு முற்றாகத் தடைசெய்தது 2022இல். பச்சை ஆமைகள் ரெடாங் தீவிலும் வேறு சில கரைகளிலும் இன்னும் ஏறுகின்றன. எல்லா வகைக்குமான இத்தடை வந்து சேர்ந்தபோது ரந்தாவ் அபாங்கில் பேராமைகள் மிக அரிதாகிவிட்டிருந்தன.

போக எண்ணுகிறவர்கள் நம் கிழக்கு மாகாணத்தாரைப் போலவே பருவமழையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும். தீவுகளுக்குப் படகுகள் ஓடுவது அரிது. வாராந்த விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் கடைகள் பல பூட்டியிருக்கும். ஜும்ஆவுக்குப் பிறகு வெளியே கிளம்புவது வசதி.