கணினி வரைதலில் இயங்குறுப்புகள்

வந்தாறுமூலையிலே பள்ளிக்கூடமொன்று கட்டப் படம் வரைகின்றோம் எனக் கொள்வோம். இருபது கதவுகளை இருபது முறை வரைதல் வீண் உழைப்பாகும். ஒன்றை வரைந்து படியெடுத்தலே எளிது. ஆயின், ஒன்று இரண்டரை அடி, பிறிதொன்று மூன்றடி என அகலம் வேறுபடின் யாது செய்வது?

1963 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து அமைத்த ‘ஸ்கெச்பாட்’ என்னும் நிரலில், மூலப்படத்தைத் திருத்தியதும் அதன் படிகள் யாவும் திருந்தின. ஒவ்வொரு படியிலும் வேண்டிய பகுதியை மட்டும் நீட்டவல்ல இயங்குறுப்புகள், ஓட்டோகாட் மென்பொருளின் 2006 ஆம் பதிப்பில் அறிமுகமாயின.

இதனை ஆக்குவோர் முதலிற் கதவை வரைவர். பின்னர் அகலத்தை மாறும் அளவாகக் குறிப்பர். ஈற்றில், அவ்வளவுடன் எவை மாறும், எவை மாறா என விதிப்பர். அகலம் கூடின் பலகை நீளவேண்டும். கதவு திறக்கும் வில்லின் ஆரையும் அதற்கேற்ப வளரவேண்டும். நிலையின் தடிப்போ மாறலாகாது. முழுவதையும் ஒருங்கே பெருப்பித்தால் மரத்தின் தடிப்பும் பெருகிப் படம் பொய்யுரைக்கும்.

நம் சிற்பிகளுக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. உத்தம தசதாலப் படிமத்தின் உயரத்தை அவர் 124 கூறாக்குவர். படிமம் பெரிதாயினும் சிறிதாயினும் உறுப்புகளின் விகிதம் மாறாது. ஆங்கு யாவும் ஒருங்கே வளரும். ஈங்கோ வளர்வதும் வளராததும் பிரித்தறியப்படும்.

தொழினுட்பவியல் பயிலும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது. மூலத்திலுள்ள ஒரு பிழை இருபது வாயில்களிலும் பிழையாகும்; தச்சர் மரத்தை அறுத்தபின் அதனை அறிந்து பயனில்லை. ஆதலின், மிகக் குறுகிய அகலத்திலும் மிக விரிந்த அகலத்திலும் சோதித்த பின்னரே இயங்குறுப்பைக் கையாளுக.