நீங்கள்தாம் நீங்கள் என்பதற்கு என்ன சான்று?

ஒருவரை அடையாளம் காண நம் ஊர்களில் முகம் போதும். இருட்டில் குரல் போதும். பால் சங்கத்து எழுத்தர் என் அம்மாவைக் கண்டதும் பேரேட்டில் உரிய பக்கத்தைப் புரட்டுவார், பெயர்கூடக் கேட்பதில்லை. ஆனால் இன்று நம் சேமிப்பும், காப்பீடும், எரிவாயு இணைப்பும், கைப்பேசி இணைப்பும் நம்மைப் பாராத நிறுவனங்களின் கணிப்பொறிகளில் குடியிருக்கின்றன. அவற்றோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே நடக்கிறது. அங்கே முகம் இல்லை. குரலும் பழகிய குரல் அன்று. ஆகவே மறுமுனையில் இருப்பவர் நம்மைத் தேர்வு செய்கிறார். பிறந்த தேதி என்ன? முகவரி என்ன? பதிவு செய்த எண் எது?

இந்தத் தேர்வில் எந்த வினாவுக்கு விடை சொல்ல வேண்டும், எந்த வினாவுக்கு வாய் திறக்கலாகாது என்பதைப் பாடநூல் எதுவும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. இரண்டாம் ஆண்டு கணிதம் பயிலும் மாணவன் என்ற அளவில் நான் அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்க முயல்கிறேன்.

ஏன் கேட்கிறார்கள்?

நிறுவனம் நம் சொந்த விவரங்களைக் கேட்பதே தவறு என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. கேளாமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். ஹியூலெட்-பேக்கார்டு என்னும் கணிப்பொறி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பேசப்பட்ட செய்திகள் பத்திரிகைகளுக்குக் கசிந்தன. கசியவிட்டவர் யார் என்று அறியத் துப்பறிவாளர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் இயக்குநர்களின் பெயரையும் பத்திரிகையாளர்களின் பெயரையும் சொல்லி, தாங்களே அவர்கள் என்பதுபோல் நடித்து, யார் யாரோடு பேசினார் என்ற பட்டியல்களைத் தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து பெற்றுவிட்டனர். செய்தி வெளியானதும் நிறுவனத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. இவ்வாறு ஆள்மாறாட்டம் செய்து தொலைபேசிப் பதிவுகளைப் பெறுவதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்றும் 2007 ஜனவரியில் அந்நாட்டில் கையெழுத்தாயிற்று.

இதில் ஏமாந்தவர் வாடிக்கையாளர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏமாந்தது நிறுவனம், இழந்தவர் வாடிக்கையாளர். நம்மிடம் கேட்கப்படும் கேள்வி முதலில் நம்மைக் காப்பதற்காகவே ஏற்பட்டது.

பெயர்ப்பலகையும் சாவியும்

ஒருவர் இன்னார்தான் என மெய்ப்பிக்க மூன்று வழிகள் உண்டு. அவர் மட்டும் அறிந்த ஒன்று, அவரிடம் மட்டும் உள்ள ஒன்று, அவர் உடலோடு அமைந்த ஒன்று. இரகசிய எண் முதல் வகை. அட்டையும் சிம் கார்டும் இரண்டாம் வகை. கைரேகையும் குரலும் மூன்றாம் வகை. மூன்றாம் வகைதான் அசைக்க முடியாதது என்று எண்ணிவிட வேண்டாம். 2017இல் பிரிட்டனில் ஒரு வங்கியின் குரல் சரிபார்ப்பை, பி.பி.சி. செய்தியாளர் ஒருவரின் இரட்டைச் சகோதரர் அவரைப்போல் பேசியே கடந்து காட்டினார்.

தொலைபேசியில் கேட்கப்படுபவற்றை நான் வேறு வகையில் இரண்டாகப் பிரிக்க விரும்புகிறேன். ஒன்று பெயர்ப்பலகை, மற்றது சாவி. வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைத் தெருவே படிக்கலாம். சாவியை யாரும் தெருவில் தொங்கவிடுவதில்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண் ஆகியவை பெயர்ப்பலகை. ஏ.டி.எம். இரகசிய எண், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண், கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவை சாவி.

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 ஆண்டு வயது வரம்புக்குள் ஒருவர் பிறந்திருக்கக்கூடிய நாட்கள் 60 × 365 = 21,900. வயது தெரிந்துவிட்டால் அது 365 ஆகச் சுருங்கிவிடும். பிறந்த நாள் வாழ்த்துச் சொன்ன நண்பனுக்கோ அது ஒன்றே ஒன்றுதான். நான்கு இலக்க இரகசிய எண்ணுக்கு 10,000 வாய்ப்புகள். ஆறு இலக்க ஓ.டி.பி.க்கு 10 இலட்சம் வாய்ப்புகள். இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றும் உண்டு. கடவுச்சொல் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற இயலுமா? மேலும் அது எங்கேதான் இல்லை! பள்ளிச் சான்றிதழில், உதவித்தொகை விண்ணப்பத்தில், செராக்ஸ் கடையில் மறந்து வைத்த நகலில் என எங்கும் கிடக்கிறது. எனவே பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக ஒருவரை உரியவர் என்று நம்புவது வலுவற்ற சோதனையாகும். நல்ல நிறுவனம் அதோடு நின்றுவிடாது.

அழைத்தவர் யார்?

இக்கட்டுரையின் உயிர்நாடி இதுதான். எந்த விவரம் கேட்கிறார்கள் என்பதற்கு முன், இந்த அழைப்பைத் தொடங்கியவர் யார் என்று கேட்க வேண்டும்.

அட்டையின் பின்புறத்திலோ வங்கிப் புத்தகத்திலோ அச்சிட்ட எண்ணை நாம் அழைத்தால், நாம் எங்கே பேசுகிறோம் என்பது நமக்குத் தெரியும். நாம் யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அவர்கள் கேட்பதும், பெயர்ப்பலகை விவரங்களை நாம் சொல்வதும் முறையே. சில சமயம் இயந்திரக் குரல் ஓர் இரகசிய எண்ணை அழுத்தச் சொல்லும். அது இயந்திரத்துக்குப் பொத்தானால் தருவது. அதனையே ஊழியர் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் சொல்லலாகாது. எந்த ஊழியருக்கும் நம் சாவி தேவையில்லை.

அவர்கள் நம்மை அழைத்தால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது தேர்வு எழுத வேண்டியவர் அழைத்தவர், நாம் அல்லர். ஆனால் நடப்பது என்ன? "நாங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம், பாதுகாப்புக்காகச் சில கேள்விகள்" என்று தொடங்கியதும், ஆசிரியர் முன் நின்ற பழக்கத்தில், நாமே பணிந்து விடை சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

"அவருக்கு என் பெயரும் அட்டை எண்ணின் தொடக்கமும் தெரிந்திருந்ததே!" என்று கேட்கலாம். 16 இலக்க அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் அட்டையை வழங்கிய வங்கியைக் குறிப்பவை. புதிய முறையில் அவை எட்டு. ஒரு வங்கியின் ஒரே வகை அட்டைகள் பலவற்றுக்கும் தொடக்கம் ஒன்றாகவே இருக்கும். பான் எண்ணின் பத்து இடங்களில் நான்காம் எழுத்து தனிமனிதர் அனைவருக்கும் 'பி'தான். ஐந்தாம் எழுத்து கடைசிப் பெயரின் முதலெழுத்து. இவற்றைச் சொல்லிக் காட்ட நம் கணக்கைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

கைப்பேசித் திரையில் தெரியும் எண்ணையும் முழுதும் நம்ப இயலாது. வெளிநாட்டிலிருந்து அழைத்துவிட்டு இந்திய எண்போல் காட்டும் அழைப்புகள் பெருகியதால்தான், அவற்றைத் தடுக்கும் அமைப்பு ஒன்றை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. வங்கிகள் தம் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டுமென ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது. இவை நல்ல ஏற்பாடுகளே. எனினும் இவற்றைவிடச் சிறந்த சோதனை நம் கையிலேயே இருக்கிறது. "நானே திரும்ப அழைக்கிறேன்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையிலுள்ள எண்ணை அழைப்பதே அது. இணையத்தில் தேடிக் கிடைக்கும் சேவை எண்கள் வேண்டா; அவற்றுள் போலிகள் கலந்திருக்கின்றன. உண்மையான ஊழியர் இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்படுபவர், அவசரப்படுத்துபவர், "இப்போதே சொல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும்" என்பவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ!

நம் வீடுகளில் நடப்பது

நம் கல்லூரியில் என்னைப் போலவே வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர் பலர். நம் வீடுகளில் எந்த நிறுவனத்துக்கு அழைக்க வேண்டுமானாலும் கைப்பேசி நம் கைக்கே வரும். கேள்விகளோ வேறு வகை வாழ்க்கையை மனத்திற்கொண்டு அமைந்தவை.

அம்மாவின் ஏ.டி.எம். அட்டை தொலைந்தபோது அதனை முடக்குவதற்கு நான்தான் எண்ணை அழுத்தினேன். கணக்குக்கு உரியவரே பேச வேண்டும் என்றார் ஊழியர். அம்மாவிடம் கொடுத்தேன். "உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா" என்றதும் அம்மா சொன்னார்: "ஆடி மாசம், அமாவாசைக்கு மறுநாள்." வங்கியில் இருந்ததோ ஜனவரி 1. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத காலத்தில் யாரோ வசதிக்காக எழுதிய நாள் அது. எங்கள் தெருவில் பாதிப் பெரியவர்களின் அட்டைகளில் அதே ஜனவரி 1தான்! உரியவருக்குத் தெரியாத விடை, ஊராருக்கு எளிதில் ஊகிக்கக் கிடைக்கும் விடையாக இருக்கிறது. நல்லவேளையாக அந்த ஊழியர் பொறுமையானவர். "கடைசியா எப்போம்மா, எவ்வளவு பணம் எடுத்தீங்க?" என்று கேட்டார். பால் பணத்தில் எடுத்த தொகையையும் கிழமையையும் அம்மா பிசகாமல் சொன்னார். அட்டை முடக்கப்பட்டது. இத்தகைய கேள்வியே நல்ல கேள்வி என்பேன். அது தாளில் எழுதியதைக் கேட்கவில்லை. அம்மா அறிந்ததைக் கேட்டது.

சில படிவங்களில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயரே இல்லை, தலைப்பெழுத்துத்தான் மாறுகிறது. படிவத்தில் என்ன எழுதினோம் என்பது நினைவில்லாமல் பிறகு நாமே நம் கணக்குக்கு அந்நியர் ஆகிறோம். எழுதிய விடையைக் குறித்து வைப்பது நலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவின் குரலில் மகன் பேசி வேலையை முடிப்பது நம் வீடுகளில் சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது. ஆனால் நம்மால் அப்பாவாக நடிக்க முடிந்தால் அயலாராலும் முடியும். நாம் அருகிலிருந்து உதவலாம். பேசுவது அவராக இருக்கட்டும். நாளை நாம் வேலை தேடி வெளியூர் சென்றபின்பும் அவருக்கு அந்தக் கணக்கு இருக்கும், கேள்விகளும் வரும்.

இழப்பு யாருடையது?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதனை வகுத்துரைத்தது. தவறு வங்கியிடமும் இன்றி வாடிக்கையாளரிடமும் இன்றி வேறெங்கோ நேர்ந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் தெரிவித்துவிட்டால், இழப்பு நம்முடையதன்று. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் ஆனால் ஒரு வரம்புவரை நம்முடையது. ஆனால் சாவியை நாமே எடுத்துக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை நேர்ந்த இழப்பு முழுவதும் நம்முடையதே. தெரிவித்தபின் நேர்வது வங்கியுடையது. ஆகவே வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம். வங்கிக்கும், உடனே 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் ஏமாந்துவிட்டால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அழைக்க வேண்டும். திட்டுக்கு அஞ்சியே பலர் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர்.

முடிவாக

பெயர்ப்பலகையைக் காட்டுவதும் நாம் அழைத்த இடத்திலேயே இருக்கட்டும். சாவியை எவரிடமும் சொல்ல வேண்டா. அழைத்தவரைத் தேர்வு செய்ய நமக்கும் உரிமை உண்டு. சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஆண்டுதோறும் நம் மாணவர்கள் கிராமங்களுக்குச் செல்கின்றனர். சாலையைச் செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த முகாமில் ஒரு மாலை நேரத்தை இதற்கென ஒதுக்கி, ஒவ்வொரு வீட்டிலும் வங்கிப் புத்தகத்திலுள்ள பிறந்த தேதி எது, அட்டையை முடக்க எந்த எண்ணை அழைப்பது என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அந்த எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வருவோமானால், நாம் பெற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயனாகும்.